கல்லாற்றுக்குப் பத்தாயிரம் ஆண்டு மழை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு உருண்டைக் கற்களின் மேல் தெளிவாக ஓடி, கீழே வாமனபுரம் ஆற்றில் கலக்கிறது. கோடையில் அதில் இறங்கி நடக்கலாம். மழைக்காலத்தில் அது வேறு ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய ஓடைகளில், மேலே காட்டில் கொட்டிய மழை, கீழே வெயிலில் நிற்பவருக்கு எந்த முன்னறிவிப்பும் தராமல் வெள்ளமாக வந்து சேரும்.

இப்படிப்பட்ட ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு உயரத்தில் கட்டுவது? 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் பாலம் தாங்க வேண்டுமானால், அந்த வெள்ளம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். மலைப்பகுதிகளில் மழைமானிப் பதிவுகள் பெரும்பாலும் சில பத்தாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். 40 ஆண்டுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு 100 ஆண்டு வெள்ளத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

1960களில் நீரியல் அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பதிவில் உள்ள மழையின் குணத்தைப் படித்துக்கொண்டு, அதே குணமுள்ள, ஆனால் இதுவரை பெய்யாத மழையைக் கணினிக்குள் பெய்விப்பதுதான் அந்த வழி. 1962-இல் கேப்ரியல், நியூமன் என்ற இருவர் டெல் அவீவ் நகரின் மழைப் பதிவை ஆராய்ந்தார்கள். இன்று மழை பெய்யுமா என்பது நேற்று பெய்ததா என்பதை மட்டுமே பொறுத்தது என்று எளிமையாக எடுத்துக்கொண்டாலும், கிடைக்கும் கணக்கு பதிவோடு நன்றாகப் பொருந்துவதை அவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நீர்வளத் திட்டத்தைச் சேர்ந்த தாமஸும் ஃபியரிங்கும் ஆற்றின் நீரோட்டத்துக்கு இதையொத்த முறையை வகுத்தார்கள்.

அதே முறையைக் கல்லாற்றுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு நாளுக்கும் கணினி இரண்டு எண்களை எடுக்கிறது. இரண்டும் 0-க்கும் 1-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழக்கூடியவை. முதல் எண், இன்று மழை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண், பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தீர்மானிக்கிறது. 10,000 ஆண்டுகளுக்கு 36.5 லட்சம் நாட்கள். அதற்கு 73 லட்சம் எண்கள். ஒரே மழைமானியை வைத்து ஒரு மலையாற்றைக் கணிக்க முடியாது. நீர்ப்பிடிப்புப் பகுதியை 1,000 சிறு கட்டங்களாகப் பிரித்தால் 730 கோடி எண்கள் தேவைப்படும். மென்பொருளாளர்கள் ரேண்டம் நம்பர் என்று சொல்லும் இந்தச் சமவாய்ப்பு எண்களை இத்தனை கோடி எப்படி விரைவாக உண்டாக்குவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கணினியின் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டால் போதும் என்று தோன்றலாம். விடை அங்கே இல்லை. கணக்கு எங்கே நின்று காத்திருக்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் காத்திருப்பை நீக்கும்போதுதான் வேகம் வருகிறது. சமவாய்ப்பு எண்களின் வரலாறே ஒவ்வொரு காத்திருப்பாக நீக்கிவந்த வரலாறுதான்.

இயற்கையிடம் காத்திருத்தல்

கணினிகள் வருவதற்கு முன்பே இந்த எண்களுக்குத் தேவை இருந்தது. 1927-இல் லண்டனில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். கொல்கத்தாவில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அந்த அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டது. மகலனோபிஸும் உடன் பணியாற்றியவர்களும் டிப்பெட்டின் எண்களை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றி, மணிவடிவப் பரவலில் அமைந்த மாதிரி எண்களின் அட்டவணையை 1934-இல் தங்கள் சங்க்யா இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் மாதிரி எண்களைப் பெருமளவில் உண்டாக்கும் பணி இப்படி மனிதக் கைகளால்தான் தொடங்கியது.

அடுத்த பெரிய முயற்சி அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துடையது. நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் மின்துடிப்புகளை ஒழுங்கின்றி வெளியிடும் கருவியை அமைத்து, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கையை நிறுத்திப் படித்தார்கள். அதிலிருந்து 10 லட்சம் இலக்கங்கள் கிடைத்தன. 1955-இல் அவை நூலாகவும் வந்தன. ஆனால் கருவியிலிருந்து நேரடியாக வந்த இலக்கங்களைச் சோதித்தபோது சிறிய சாய்வு தெரிந்தது. இலக்கங்களைப் பதித்த துளையட்டைகளில், ஒவ்வோர் அட்டையின் இலக்கங்களையும் முந்தைய அட்டையின் இலக்கங்களோடு கூட்டி, பத்தின் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சாய்வைக் கரைத்தார்கள். இயற்கையின் ஒழுங்கின்மை கருவி வழியாக வரும்போது கருவியின் குறையையும் சுமந்து வருகிறது என்ற பாடம் அன்றே கிடைத்தது.

நொடிக்கு ஓர் எண் என்ற ராண்ட் வேகத்தில் கல்லாற்றின் 730 கோடி எண்களை எடுக்க 231 ஆண்டுகள் ஆகும்.

இன்று இயற்கையிடமிருந்து எடுக்கும் முறைகள் மிக நுட்பமானவை. அவற்றில் ஒன்றில் கல்லாற்றின் அண்டை நிறுவனத்துக்கே பங்கு உண்டு. விதுராவை அடுத்த மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் இருக்கிறது. இந்த நிறுவனம், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய அறிவியல் நிறுவனம், கொல்கத்தா போஸ் நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடிச் செய்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊர்பசி சின்காவின் ஆய்வகத்தில், ஒற்றை ஒளித்துகள்களை வைத்துச் செய்த சோதனை அது. ஒரு பொருளுக்கு ஒவ்வொரு கணமும் திட்டமான ஒரு நிலை உண்டு, தொந்தரவு செய்யாமல் அதை அளக்கவும் முடியும் என்று எடுத்துக்கொண்டால், வெவ்வேறு நேரங்களில் எடுத்த அளவுகளுக்கு இடையிலான உறவு ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. லெகெட், கார்க் என்ற இரு இயற்பியலாளர்கள் 1985-இல் வகுத்த எல்லை இது. ஒளித்துகள் இந்த எல்லையைத் தாண்டுகிறது. தாண்டும்போது, அளவீட்டின் விடை முன்கூட்டியே எங்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை என்பதற்குச் சான்று கிடைக்கிறது. அப்படிச் சான்று பெற்ற 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்களை, நொடிக்கு ஏறத்தாழ 4,000 பிட் என்ற வேகத்தில், இந்தக் குழு உண்டாக்கியது.

இது அருமையான சாதனை. வெறும் புள்ளியியல் சோதனையால் ஒருபோதும் தர முடியாத உறுதியை இது தருகிறது. ஆனால் கல்லாற்றின் 730 கோடி எண்களையும், ஒவ்வொன்றும் 64 பிட் என்று வைத்து, இந்த வேகத்தில் எடுத்தால் 3 ஆண்டு 8 மாதம் ஆகும். அதே கருவியிடம் 256 பிட்டுகள் மட்டும் கேட்டால், ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்குக்குள் கொடுத்துவிடும். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் வேகத்தின் முதல் ரகசியம் இருக்கிறது. இயற்கையிடம் கொஞ்சமாகக் கேட்க வேண்டும். மீதியைக் கணிதத்திடம் கேட்க வேண்டும்.

ஒரு விதை போதும்

ஒரு குடம் பாலைத் தயிராக்க ஒரு குடம் தயிர் தேவையில்லை. ஒரு கரண்டி உறைமோர் போதும். சமவாய்ப்பு எண்களுக்கும் அப்படித்தான். இயற்கையிடமிருந்து பெறும் சிறிய தொடக்க எண்ணை விதை என்கிறோம். அந்த விதையிலிருந்து, திட்டவட்டமான ஒரு கணிதச் சூத்திரம் எண்களை அடுத்தடுத்து உண்டாக்கிக்கொண்டே போகும். சூத்திரமும் விதையும் தெரிந்தவருக்கு அவற்றில் புதிர் ஏதும் இல்லை. மற்றவர் பார்வைக்கு அவை ஒழுங்கற்றவை. எனவே இவற்றைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்கிறார்கள். பெயரில்தான் போலி, பயனில் உறுதியானவை.

1949-இல் லெமர் என்ற கணிதவியலாளர் சொன்ன முறை எளியது. கையிலுள்ள எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கு. இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடு. அந்த மீதிதான் அடுத்த எண். 1990களின் இறுதியில் ஜப்பானைச் சேர்ந்த மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையைக் கொடுத்தார்கள். 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணிக்கையில் எண்களைக் கொடுத்த பிறகே அதன் வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். பைதான் மொழியின் இயல்பான சமவாய்ப்பு எண்கள் இன்றும் இதிலிருந்துதான் வருகின்றன. 2003-இல் ஜார்ஜ் மார்சாக்லியா இன்னும் சிக்கனமான ஒன்றைக் கொடுத்தார். எண்ணின் பிட்டுகளை இடமோ வலமோ நகர்த்தி, நகர்த்தியதைப் பழைய எண்ணோடு பிட் வாரியாக ஒப்பிட்டு, இரண்டும் வேறுபட்டால் 1, ஒன்றுபட்டால் 0 என்று எழுத வேண்டும். இதை மூன்று முறை செய்தால் புதிய எண் பிறந்துவிடும். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை.

இத்தகைய முறைகளில் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு நானோநொடி, அதாவது நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு, ஆகிறது. 730 கோடி எண்களுக்கு 7.3 நொடிகள். 231 ஆண்டுகள் 7 நொடிகளாகச் சுருங்கியதற்கு முதல் காரணம், எண்கள் இயற்கைக்காகக் காத்திருப்பதை நிறுத்தியதுதான்.

இயங்குதளத்திடம் காத்திருத்தல்

ஆனால் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்தால் பலருக்கு 7 நொடி வருவதில்லை. அரை மணி நேரம் ஆகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எண் தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் நிரல் இயங்குதளத்தை அழைத்துக் கேட்கிறது.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் வன்பொருளில் எழும் கணிக்க முடியாத சிறு நேர வேறுபாடுகளைத் திரட்டி, அவற்றைக் கலக்கி, கேட்பவருக்குக் கொடுக்கின்றன. 2012-இல் வந்த இன்டெல் செயலிகளிலிருந்து, செயலிக்குள்ளேயே வெப்ப இரைச்சலை எண்களாக்கும் சுற்றும் இருக்கிறது. இவை அருமையான மூலங்கள். ஆனால் நிரல் தன் வேலையை நிறுத்தி, இயங்குதளத்தின் காப்பு வளையத்துக்குள் நுழைந்து, எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பி வர ஒவ்வொரு முறையும் நேரம் செலவாகிறது. ஓர் அழைப்புக்கு 300 நானோநொடி என்று வைத்தால், 730 கோடி அழைப்புகளுக்கு 36 நிமிடங்கள்.

தீர்வு எளிது. ஒரே ஒருமுறை அழைத்து 32 பைட் விதையை வாங்கிக்கொண்டு, மீதியை நிரலுக்குள்ளேயே உண்டாக்கலாம். இயங்குதளத்தின் எண்களே வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், 8 பைட் வீதம் கேட்காமல் 4,096 பைட்டாகக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைத்துச் செலவழிக்கலாம். அழைப்பின் செலவு 512 எண்களுக்குப் பங்காகிவிடும். இந்தத் தேவை எவ்வளவு பரவலானது என்றால், 2024-இல் வந்த லினக்ஸ் 6.11 பதிப்பிலேயே, காப்பு வளையத்துக்குள் நுழையாமல் பாதுகாப்பான எண்களைப் பெறும் வழியைச் சேர்த்தார்கள்.

பெரிய வன்தட்டு ஒன்றைப் பொருளற்ற தரவால் நிரப்ப வேண்டியவர்களுக்கும் இதே உத்திதான். பழைய தடயங்கள் தெரியாதபடி வட்டை மறையாக்கம் செய்யும்போது இந்தத் தேவை வரும். இயங்குதளத்திடம் டெராபைட் கணக்கில் எண் கேட்பதற்குப் பதிலாக, ஒரு சாவியை மட்டும் கேட்டு வாங்கி, வெறும் சுழியங்களை அந்தச் சாவியால் மறையாக்கம் செய்து எழுதலாம். ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கெனத் தனிக் கட்டளைகள் 2010 முதல் செயலிகளில் இருக்கின்றன. எனவே இந்த வழியில் வட்டின் எழுதும் வேகத்தைத் தவிர வேறு தடை இருக்காது.

முந்தைய எண்ணுக்காகக் காத்திருத்தல்

மூன்றாவது காத்திருப்புதான் மிக நுட்பமானது. இதைக் கடந்ததுதான் இந்தத் துறையின் மிக அழகான சிந்தனை என்று நான் கருதுகிறேன்.

இதுவரை பார்த்த முறைகள் எல்லாவற்றிலும் ஓர் எண் பிறந்த பிறகுதான் அடுத்தது பிறக்கும். நூறாவது எண் வேண்டுமானால் 99 எண்களைக் கடந்து வர வேண்டும். இன்றைய செயலி ஒரே துடிப்பில் பல வேலைகளைச் செய்யக்கூடியது. அதன் அகன்ற பதிவகங்களில் நான்கு 64 பிட் எண்களை அருகருகே வைத்து, ஒரே கட்டளையில் நான்கையும் பெருக்கலாம், நகர்த்தலாம். ஆனால் சங்கிலியாக வரும் எண்களுக்கு இந்தத் திறன் பயன்படாது. முந்தைய எண் வரும்வரை மற்ற பாகங்கள் சும்மா இருக்கும். நான்கு தனித்தனி விதைகளோடு நான்கு சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது முதல் நிவாரணம். 2006-இல் சைட்டோவும் மாட்சுமோட்டோவும் மெர்சென் ட்விஸ்டரையே இத்தகைய பதிவகங்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள்.

நான்குக்கு இது சரி. ஒரு லட்சத்துக்கு? 2011 மே மாதம் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சாகா-220 என்ற மீக்கணினியை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. 220 டெராஃப்ளாப்ஸ் திறனுடைய அது, அன்று நாட்டிலேயே வேகமான கணினி. அதில் 400 சாதாரணச் செயலிகளோடு, என்விடியாவின் 400 டெஸ்லா வரைகலைச் செயலிகளும் இருந்தன. ஒவ்வொரு வரைகலைச் செயலியிலும் 448 சிறு கணிப்பான்கள், மொத்தம் 1,79,200. இத்தகைய செயலியில், 32 கணிப்பான்கள் கொண்ட ஒரு குழுவுக்கு 64 கிலோபைட் அளவில்தான் அதிவேக நினைவகம் உண்டு. இழைகள் எனப்படும் தனித்தனிக் கணக்கோட்டங்களை அந்தக் குழு 1,536 வரை ஒரே நேரத்தில் கையாளும். மெர்சென் ட்விஸ்டருக்கோ தன் நிலையை நினைவில் வைத்துக்கொள்ள 2.5 கிலோபைட் வேண்டும். 26 இழைகளுக்குக் கொடுத்ததும் இடம் தீர்ந்துவிடும்.

அதே 2011-இல், அமெரிக்காவின் டி.ஈ.ஷா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சால்மன், மொராயஸ், டிரோர், ஷா ஆகியோர் சங்கிலியையே அறுத்துவிட்டார்கள். எண்ணை முந்தைய எண்ணிலிருந்து ஏன் பிறப்பிக்க வேண்டும்? அதன் வரிசை எண்ணிலிருந்தே நேரடியாகப் பிறப்பிக்கலாமே! 1, 2, 3 என்ற சாதாரண எண்ணிக்கையை எடுத்து, ஒரு சாவியோடு சேர்த்து, நன்றாகக் கலக்கினால், கிடைப்பது சமவாய்ப்பு எண். அவர்களுடைய ஃபிலாக்ஸ் முறையில் இந்தக் கலக்கல் பத்துச் சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கல் செய்து, பெருக்குத்தொகையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிரித்து இடம் மாற்றுவார்கள். நினைவில் வைத்துக்கொள்ள எதுவுமில்லை. சுழியங்களை மறையாக்கி வட்டை நிரப்பும் உத்தியிலும் உள்ளே நடப்பது இதே தத்துவம்தான். இன்று பைடார்ச், டென்சர்ஃப்ளோ போன்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வரைகலைச் செயலிகளில் ஃபிலாக்ஸ் முறையையே பயன்படுத்துகின்றன.

கல்லாற்றுக் கணக்கில் இதன் பயனைப் பாருங்கள். கட்டத்தின் எண், ஆண்டு, நாள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் அதுவே வரிசை எண். 412-ஆம் கட்டத்தில், 7,342-ஆம் ஆண்டில், ஆடி மாதத்தின் ஏதோ ஒரு நாளுக்கான மழை எண்ணை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமா? முன்னே உள்ள 7,341 ஆண்டுகளைக் கணிக்கத் தேவையில்லை, நேராகக் கேட்கலாம். ஒரு கணினியில் ஓட்டினாலும் ஆயிரம் கணினிகளில் பிரித்து ஓட்டினாலும், எந்த இழை முதலில் முடித்தாலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதே எண்தான் வரும். வேகத்தோடு, மறுபடி செய்து சரிபார்க்கும் வசதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

எண்ணிலிருந்து மழைக்கு

எண் கிடைத்துவிட்டது, அதை மழையாக மாற்ற வேண்டும். பல நிரல்களில் எண்ணை உண்டாக்குவதைவிட மாற்றுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

0 முதல் 999 வரையிலான ஒரு முழு எண் வேண்டும் என்றால், பலர் பெரிய எண்ணை 1,000-ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். செயலியின் அடிப்படை வேலைகளில் வகுத்தல்தான் மிக மெதுவானது. அதற்குப் பதில் எண்ணை 1,000-ஆல் பெருக்கி, பெருக்குத்தொகையின் மேல்பாதியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் சில விடைகளுக்கு மிகச் சிறிய கூடுதல் வாய்ப்பு ஒட்டிக்கொள்ளும். அதையும் ஏறக்குறைய வகுத்தலே இல்லாமல் நீக்கும் வழியை 2019-இல் டேனியல் லெமீர் வெளியிட்டார்.

மழையளவு சீராகப் பரவுவதில்லை. சிறு தூறல் அதிகம், பேய்மழை அரிது. அத்தகைய பரவலுக்கு மடக்கை எடுக்க வேண்டிவரும். அது நேரம் தின்னும். மார்சாக்லியாவும் சாங்கும் 2000-இல் செம்மைப்படுத்திய சிகுராட் முறை, பரவலின் வளைகோட்டைப் பல கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து முன்கூட்டியே அட்டவணையாக வைத்துக்கொள்கிறது. 100-இல் 98 முறை, அட்டவணையைப் பார்த்து ஒரு பெருக்கலும் ஓர் ஒப்பீடும் செய்தால் வேலை முடியும். மிச்சமுள்ள சில முறைகளில் மட்டும் மடக்கைக்குப் போனால் போதும்.

கடைசித் தடை சேமிப்பு. 730 கோடி எண்களை 8 பைட் வீதம் எழுதினால் 58.4 ஜிகாபைட். நொடிக்கு 500 மெகாபைட் எழுதும் வட்டில் அதற்கு ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். உண்டாக்க 7 நொடி, எழுத 2 நிமிடம் என்றால், எழுதாமல் விடுவதே சிறந்தது. விதையை மட்டும் குறித்துவைத்தால், தேவைப்படும்போது அதே எண்களைத் திரும்பப் பெறலாம்.

வேகமும் நம்பிக்கையும்

வேகத்துக்காக ஓடிய இடங்களில் அறிவியல் பலமுறை ஏமாந்திருக்கிறது. 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவிய ராண்டு என்ற முறை, எண்ணை 65,539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து மீதி எடுத்தது. கணினிக்கு மிக வசதியான எண்கள் அவை. ஆனால் அடுத்தடுத்து வரும் மூன்று எண்களை நீளம், அகலம், உயரம் என்று வைத்து வெளியில் புள்ளிகளாகக் குறித்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடுக்காக விழுகின்றன. இத்தகைய முறைகள் அனைத்துக்கும் இந்தக் குறை ஏதோ ஓர் அளவில் உண்டு என்று 1968-இல் மார்சாக்லியா நிரூபித்தார். ராண்டுவை வைத்துக் கல்லாற்றின் மழையைக் கணித்தால், அடுத்தடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு, சில வகை வெள்ளங்கள் 10,000 ஆண்டுகளிலும் வராமலே போகலாம்.

1992-இல் ஃபெரன்பெர்க், லாண்டாவ், வாங் ஆகிய இயற்பியலாளர்கள் இன்னும் கவலைக்குரிய ஒன்றைக் கண்டார்கள். சரியான விடை ஏற்கெனவே தெரிந்த காந்தவியல் கணக்கு ஒன்றை, தரமானது என்று பெயரெடுத்திருந்த விரைவான எண் முறையோடு ஓட்டினார்கள். விடை தவறாக வந்தது. தரம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட பழைய பெருக்கல் முறை அதைவிட நல்ல விடையைத் தந்தது. பொதுவான சோதனைகளில் தேறிய எண்கள், ஒரு குறிப்பிட்ட கணக்கில் கவிழக்கூடும் என்று இதிலிருந்து தெரிந்தது. எனவே முக்கியமான கணக்கை, அமைப்பிலேயே வேறுபட்ட இரண்டு எண் முறைகளால் செய்து ஒப்பிடுவது அவசியம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லெக்குயெரும் சிமாரும் 2007-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இன்று இந்தத் துறையின் பொது உரைகல். மெர்சென் ட்விஸ்டர் அதன் சில சோதனைகளில் தோற்கிறது. ஃபிலாக்ஸ் எல்லாவற்றிலும் தேறுகிறது.

விதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். சாகா-220 போன்ற கணினியில் 1,79,200 கணிப்பான்களுக்கும் ஆளுக்கொரு 32 பிட் விதையைச் சமவாய்ப்பில் கொடுத்தால், சராசரியாக மூன்று அல்லது நான்கு ஜோடிகளுக்கு ஒரே விதை அமைந்துவிடும். அந்த ஜோடிகள் ஒரே மழையை இரண்டு முறை எண்ணும். வரிசை எண் முறையில் இந்தச் சிக்கலே எழாது.

எங்கே வேகம் தேவை, எங்கே தேவையில்லை என்பதையும் பிரித்தறிய வேண்டும். 1967-இல் தொடங்கிய கேரள அரசு லாட்டரியின் குலுக்கல், திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் மக்கள் பார்க்க இயந்திரச் சக்கரங்களைச் சுழற்றி நடக்கிறது. சில இலக்கங்கள்தான் வேண்டும். கண் முன்னே நடக்க வேண்டும் என்பதே அங்கே முதல் தேவை. வங்கிக் கடவுச்சொல்லுக்கும் மறையாக்கச் சாவிக்கும் வேறு தேவை: அடுத்த எண்ணை யாராலும் ஊகிக்க முடியக்கூடாது. மெர்சென் ட்விஸ்டர் கொடுத்த 624 எண்களைப் பார்த்தவர், அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். எனவே சாவிகளை இயங்குதளத்திடமிருந்துதான் பெற வேண்டும். 2006-இல் டெபியன் லினக்ஸில் செய்த ஒரு சிறு திருத்தம், விதைக்குள் போகும் ஒழுங்கின்மை ஏறக்குறைய முழுவதையும் நீக்கிவிட்டது. 2008-இல் கண்டுபிடிக்கும்வரை உருவான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. சாதாரணக் கணினியே அவை அனைத்தையும் முயன்று பார்த்துவிடும்.

ஆற்றுக் கணக்கில் மறைக்க எதுவும் இல்லை. திறந்துவைப்பதே அங்கே சிறப்பு. ஒரு பாலத்தின் உயரமோ, ஆற்றோரத்தில் வீடு கட்டலாமா என்ற முடிவோ இத்தகைய கணக்கிலிருந்து வருகிறது என்றால், அந்த முடிவால் பாதிக்கப்படும் மக்களுக்கு அதைச் சரிபார்க்கும் உரிமை உண்டு. கணக்கு 3 ஆண்டோ 231 ஆண்டோ எடுக்கும் நிலையில் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். விதை, எண் முறை, மழையின் கணிதம் ஆகிய மூன்றையும் அறிக்கையோடு வெளியிட்டால், இன்று ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் அதே 10,000 ஆண்டு மழையை எண் மாறாமல் மறுபடி பெய்வித்து, அறிக்கையில் உள்ள வெள்ள மட்டம் சரியா என்று தானே கேட்கலாம். எண் முறையை மாற்றிப் போட்டு, முடிவு அசைகிறதா என்றும் பார்க்கலாம். சமவாய்ப்பு எண்களை விரைவாக உண்டாக்கக் கற்றுக்கொண்டதன் மிகப் பெரிய பலன், சிலர் மட்டும் செய்யக்கூடியதாக இருந்த கணக்கைப் பலரும் சோதிக்கக்கூடியதாக மாற்றியதுதான்.